தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சுதந்திரமான, நேர்மையான தேர்தல்" என்பதை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

சட்டம் படித்தவரைக் கேட்டால், 1948இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுவார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உண்மையான தேர்தல், எல்லாருக்கும் சமமான வாக்குரிமை, ரகசிய வாக்கு என்று அது கேட்கிறது. எனக்குப் பிடித்த வரி வேறு. தோற்ற வேட்பாளரின் முகவர், ஆத்திரம் தணிந்த பிறகு கையிலிருக்கும் தாள்களைக் கூட்டிப் பார்த்து, "சரி, தோற்றுத்தான் போயிருக்கிறோம்" என்று சொல்ல முடிந்தால் அது நல்ல தேர்தல்.

ஜெயித்தவரை நம்பவைக்க ஒரு ஏற்பாடும் தேவையில்லை, அவர் ஏற்கெனவே மாலையோடு நிற்கிறார். பெட்டிக்குச் சீல் வைப்பது, முகவரை உள்ளே உட்காரவைப்பது, படிவத்தில் கையெழுத்து வாங்குவது எல்லாம் தோற்பவருக்காக. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவை.

சுதந்திரம், நேர்மை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சுதந்திரம் என்பது பயமில்லாமல் இருப்பது: வேட்புமனு போட, கூட்டம் நடத்த, விரும்பியவருக்குப் போட்டுவிட்டு வீடு திரும்ப முடிய வேண்டும். நேர்மை என்பது எல்லாருக்கும் ஒரே அளவுகோல்: ஒரே விதி, ஒரே நடுவர், ஒரே மாதிரியான எண்ணிக்கை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போகலாம். யாரும் யாரையும் மிரட்டாத ஊரில்கூடத் தொகுதி எல்லையை ஒருவர் தன் வசதிக்கு வரைந்து வைத்திருப்பார்.

1988 அக்டோபர் 5 அன்று சிலியில், ராணுவ ஆட்சியாளர் பினோசே இன்னும் எட்டாண்டு ஆளலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பதினைந்து ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பிறகு நடந்ததை யாரும் சமமான போட்டி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் நாள்தோறும் பதினைந்து நிமிடம் கிடைத்தது, வாக்கு ரகசியமாக இருந்தது, எதிர்த்தரப்பு தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. "வேண்டாம்" என்ற பக்கம் சுமார் 56 சதவீதம் பெற்றது. நேர்மை குறைந்த மைதானத்திலும் ஆள்பவர் தோற்கலாம் என்பதற்கு இது சாட்சி. ஆள்பவர் தோற்றார் என்பதால் மட்டும் தேர்தல் நேர்மையாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது.

வாக்குப்பதிவு நாள் அமைதியாக முடிந்தால் போதாதா?

அவசரப்பட்டுச் சான்றிதழ் கொடுப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கெட்டிக்காரத் திருடன் தேர்தலன்று வேலை செய்வதில்லை. ஆறு மாதம் முன்பே ஒரு போட்டியாளர் மீது வழக்கு, இன்னொருவரின் வேட்புமனுவில் ஒரு கையெழுத்துக் குறை, ஒரு பத்திரிகையின் உரிமம் ரத்து, வாக்காளர் பட்டியலில் சில பகுதிகளின் பெயர்கள் மட்டும் காணாமல் போவது என்று எல்லாம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிறகு வரிசை ஒழுங்காக நிற்கும், பெட்டி ஒழுங்காகப் போகும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும்.

2002 அக்டோபரில் இராக்கில் நடந்த வாக்கெடுப்பில் அமைதிக்குக் குறைவே இல்லை. ஒரே வேட்பாளர் சதாம் உசேன். நூறு சதவீத வாக்குப்பதிவு, நூறு சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். அன்று ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை போலும்.

வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள் பெயர் இருக்கிறது. அதுவே மோசடிக்கு ஆதாரமா?

ஆதாரம் இல்லை, வாய்ப்பு. இறந்தவர் பெயரில் யாராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் அது கள்ள ஓட்டு. உயிரோடிருப்பவர் பெயர் நீக்கப்பட்டாலோ, அந்த நிமிடமே ஒரு வாக்கு போய்விட்டது. பட்டியலைச் சுத்தம் செய்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதல் தவறைப் பற்றியே பேசுவார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது, ஏனென்றால் அதைத் தடுக்க வாக்குச்சாவடியில் யாராலும் முடியாது. பட்டியல் முன்கூட்டியே வெளியாக வேண்டும், நீக்கத்துக்குக் காரணம் எழுத்தில் வர வேண்டும், ஆட்சேபிக்க நாள் இருக்க வேண்டும்.

சட்டப்படியே ஆட்களை வெளியே நிறுத்திய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை என்று நேரடியாக எழுதவில்லை. வாக்கு வரி (கட்டினால்தான் ஓட்டு), எழுத்தறிவுத் தேர்வு என்று வாசலில் தடை போட்டன. 1964இல் 24ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வரும்வரை அவை நின்றன. விதியின் வாசகத்தைவிட, அது யாரைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பதே நல்லது.

என் வாக்கு ரகசியமாக இருப்பது என் உரிமை. நானே விரும்பி வெளிக்காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாயால் சொல்லலாம், தடையில்லை. நிரூபிக்க முடியக் கூடாது. அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரைச் சொல்லி வாக்களித்தார். அது ஏட்டில் பதிவானது, அந்த ஏடு அச்சாகியும் வந்தது. நிலக்கிழாருக்கு எதிராக ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர் அடுத்த வருடமும் அந்த நிலத்தில் இருப்பாரா? ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இல் அரசே அச்சிட்ட சீட்டு, தனி மறைவிடம் என்ற முறையைக் கொண்டுவந்தன. பிரிட்டன் அதை எடுத்துக்கொள்ளப் பதினாறு ஆண்டு பிடித்தது. (1872 ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் அங்கே முதல் ரகசிய வாக்குப் பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். கைக்குக் கிடைத்தது உள்ளூர் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலையின் முத்திரைதான்.)

வாக்கை விலைக்கு வாங்குபவனுக்கு ரசீது வேண்டும். காசு வாங்கியவர் உள்ளே போய் யாருக்குப் போட்டார் என்று தெரியாவிட்டால் அவன் வியாபாரம் படுத்துவிடும். அதற்காகக் கண்டுபிடித்த பழைய தந்திரம் சங்கிலி ஓட்டு. முதல் ஆள் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடித்து வெளியே கொண்டுவருவார். தரகன் அதில் குறி போட்டு அடுத்தவரிடம் கொடுப்பான். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குக் கொடுத்த வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து தந்தால் காசு. சங்கிலி நாள் முழுக்க ஓடும். சீட்டில் வரிசை எண் போட்டு, கொடுத்த எண்தான் பெட்டிக்குப் போகிறதா என்று அதிகாரி பார்த்தால் சங்கிலி அறுந்துவிடும். அந்த எண் கிழித்தெடுக்கும் அடிக்கட்டையில் இருக்க வேண்டும், சீட்டிலேயே தங்கினால் ரகசியம் போய்விடும்.

இன்று அந்தச் சங்கிலியின் வேலையைக் கைபேசி கேமரா செய்கிறது. மறைவிடத்தில் எடுக்கும் ஒரு படம் போதும். எனவே நீங்கள் பெருமைக்காக எடுக்கும் படத்தைத் தடுப்பது உங்களைத் தண்டிக்க இல்லை. "படம் எடுத்து வா" என்று மிரட்டப்படும் இன்னொருவருக்கு "அனுமதி இல்லை" என்று சொல்லித் தப்ப ஒரு வழி வேண்டும்.

தொகுதி எல்லை வரைவதில் என்ன அவ்வளவு சூது?

ஐம்பது வாக்காளர், ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலக் கட்சிக்கு 30 பேர், மஞ்சள் கட்சிக்கு 20 பேர். எல்லாத் தொகுதியிலும் 6-4 என்று பரப்பினால் நீலம் ஐந்தையும் அள்ளும். நீல ஆதரவாளர் இருபது பேரை இரண்டு தொகுதியில் அடைத்துவிட்டு, மிச்சம் பத்துப் பேரை மற்ற மூன்றில் 4, 3, 3 என்று சிதறவிட்டால், அந்த மூன்றும் மஞ்சளுக்கு. சிறுபான்மைக் கட்சி 3-2 என்று ஆட்சி அமைக்கும். ஒரு கள்ள ஓட்டும் விழவில்லை, ஒரு பெட்டியும் உடையவில்லை.

1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணி வடிவில் நெளிந்தது. பத்திரிகைக்காரர்கள் இரு பெயரையும் சேர்த்து "ஜெர்ரிமாண்டர்" என்றார்கள், பெயர் நிலைத்துவிட்டது. எல்லையை மாற்றாமல் விடுவதும் சூதுதான். பிரிட்டனில் ஓல்டு சாரம் என்ற ஏறக்குறைய ஆளில்லாத மேடு 1832 வரை இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பெருநகரமாக வளர்ந்திருந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. மறுவரையறை குறித்த காலத்தில் நடக்க வேண்டும், போட்டியிடுபவர் கையில் அந்தப் பென்சில் இருக்கக் கூடாது.

தேர்தல் ஆணையம் சுயேச்சையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆணையர்களை நியமிக்கும் மேசையில் எதிர்த்தரப்புக்கு நாற்காலி உண்டா? ஆள்பவரால் அவர்களை நினைத்த நேரத்தில் நீக்க முடியுமா? பணமும் ஊழியர்களும் யார் கையில்? ஆணையம் கடைசியாக எப்போது ஆளும் கட்சிக்குப் பிடிக்காத முடிவு ஒன்றை எடுத்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டியிருந்தால் முதல் மூன்றின் பதில்களை நம்ப வேண்டாம்.

மெக்சிகோவில் 1988 ஜூலை 6 இரவு, ஆட்சியாளருக்குப் பாதகமான எண்கள் வரத் தொடங்கிய நேரத்தில் கணினி "விழுந்துவிட்டது". எண்ணிக்கையை நடத்தியது உள்துறை அமைச்சகம். ஆளும் கட்சி வேட்பாளர் சாலினாஸ் வென்றதாக அறிவிப்பு வந்தது. வாக்குச் சீட்டுகளைப் பின்னர் எரித்துவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு 1990இல் தனித் தேர்தல் அமைப்பு உருவாகி, படிப்படியாக அரசின் பிடியிலிருந்து விலகியது. 2000ஆம் ஆண்டில், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி ஜனாதிபதி பதவியை இழந்தது.

எண்ணிக்கையில் மோசடி நடக்காமலிருக்க எது மிக முக்கியம்?

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முடிவைச் சாவடி வாரியாக வெளியிடுவதைச் சொல்வேன். ஒவ்வொரு சாவடியின் எண்ணையும் முகவர்கள் கையெழுத்தோடு எல்லாரும் பார்க்க ஒட்டிவிட்டால், மேலே உட்கார்ந்து கூட்டுத்தொகையைத் திருத்த முடியாது. கட்சிகளும் பத்திரிகைகளும் தாங்களே கூட்டிக்கொள்ளும்.

காம்பியாவில் இதை நேரில் காணலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கே சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டு. வேட்பாளருக்கு ஒரு உலோக டிரம்; குண்டைக் குழாயில் போட்டால் உள்ளே மணி அடிக்கும், இரண்டாவது குண்டு போட்டால் வெளியே கேட்டுவிடும். எண்ணுவதற்குக் குழிகள் கொண்ட மரத்தட்டு. 2016 டிசம்பரில் அந்தக் குண்டுகளைச் சாவடியிலேயே எண்ணினார்கள். 22 ஆண்டுகள் ஆண்ட யாயா ஜாமே தோற்றார், முதலில் ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் மனம் மாறினார். ஆனால் எண்கள் ஏற்கெனவே நாடு முழுக்கத் தெரிந்திருந்தன. அண்டை நாடுகளின் படை எல்லைக்குள் வந்த பிறகு 2017 ஜனவரியில் நாட்டைவிட்டுப் போனார்.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரியில், அரசு எண்ணிக்கை மையத்தில் கணினியில் எண்களை ஏற்றிய ஊழியர்கள், தாங்கள் ஏற்றியதும் பலகையில் வருவதும் வேறாக இருப்பதைக் கண்டு எழுந்து வெளியே நடந்தார்கள். நாலாயிரம் பக்கக் கண்காணிப்பு அறிக்கையைவிட அந்த நடை அதிகம் சொன்னது.

மின்னணு இயந்திரத்தை நம்பலாமா?

"இயந்திரத்தைத் திருத்த முடியும் என்று நிரூபி" என்று ஒரு பக்கம் சவால், "திருத்தவில்லை என்று நிரூபி" என்று மறுபக்கம் சவால். இரண்டும் கேள்வியைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. தோற்றவர் நிபுணர் துணையில்லாமல் சரிபார்க்க முடிகிறதா என்பதே கேள்வி. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று இதைத்தான் சொன்னது. 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்குக் கணினிகளில் தவறு நடந்ததாக அது கண்டுபிடிக்கவில்லை, தேர்தலையும் ரத்து செய்யவில்லை. சாதாரணக் குடிமகன் தொழில்நுட்ப அறிவு இல்லாமல் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடியாத முறை அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்களை நாடு தழுவிய ஒரு தேர்தலிலும் பயன்படுத்தாமலே 2012இல் பழைய இரும்புக்குப் போட்டது.

இயந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் கண்ணால் பார்த்த காகிதம் ஒன்று இருக்க வேண்டும், அதில் குலுக்கல் முறையில் எடுத்த ஒரு பகுதியை எண்ணி இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டும். வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் அதிகச் சீட்டுகள், பெரிதாக இருந்தால் கொஞ்சம். அமெரிக்காவின் கொலராடோ 2017 முதல் மாநிலம் முழுக்க இப்படிச் செய்கிறது. காகிதத்தை அச்சிட்டுவிட்டு எண்ணாமல் வைத்திருப்பதால் பயன் இல்லை.

இணையவழி வாக்கு?

எஸ்தோனியா 2005 முதல் நடத்துகிறது. மிரட்டலுக்கு அவர்கள் கண்ட மருந்து சுவாரசியமானது: எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே செல்லும், நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணைய வாக்கு ரத்து. உறுதியான மின்னணு அடையாள அட்டை இல்லாத நாடு இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

குறைபாடு இருந்தால் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்யுமா?

செய்திருக்கிறது. எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் சண்டை. குறை முடிவை மாற்றியிருக்குமா என்று பார்ப்பது ஒரு வழி. நடைமுறையே கெட்டுப்போனதா என்று பார்ப்பது இன்னொரு வழி.

ஆஸ்திரியாவில் 2016 மே மாத ஜனாதிபதித் தேர்தல் இரண்டாம் சுற்றில் வித்தியாசம் 30,863 வாக்கு. பல மாவட்டங்களில் தபால் வாக்குகளை விதித்த நேரத்துக்கு முன்பே, அதிகாரம் இல்லாதவர்கள் பிரித்திருந்தார்கள். திருட்டுக்குச் சாட்சியம் இல்லை. ஆனால் 77 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அந்த முறைகேட்டில் சிக்கியிருந்ததால் முடிவு மாறியிருக்க முடியும் என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தலும் உடனே நடக்கவில்லை: தபால் உறையின் பசை ஒட்டாமல் டிசம்பர் 4க்குத் தள்ளிப்போனது. முன்பு வென்ற வான் டெர் பெல்லனே மறுபடி, இன்னும் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

கென்யாவில் 2017 ஆகஸ்ட் தேர்தலில் வித்தியாசம் பெரிது, பத்து லட்சத்துக்கு மேல். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வாக்குப்பதிவைப் பாராட்டிவிட்டார்கள். செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் 4-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. சாவடியிலிருந்து மையத்துக்கு முடிவுகளை அனுப்பிய விதம் சட்டப்படி இல்லை, சர்வரைத் திறந்து காட்டச் சொன்ன உத்தரவையும் ஆணையம் முழுமையாகப் பின்பற்றவில்லை. மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்கா புறக்கணித்தார் என்பது இந்தக் கதையின் கசப்பான பாதி.

மலாவியில் 2019 தேர்தல் முடிவுப் படிவங்களில் வெள்ளைத் திருத்த மை பூசி எண்களை மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் லாசரஸ் சக்வேரா வென்றார்.

மூன்றிலும் நீதிபதிகள் முன்னே இருந்தவை தாள்கள். யார் எப்போது உறையைப் பிரித்தார், எந்தப் படிவத்தில் கையெழுத்து இல்லை, எங்கே மை பூசியிருக்கிறது. வெறும் ஆவேசத்தோடு போயிருந்தால் மனு அன்றே தள்ளுபடியாகியிருக்கும்.

தோற்பவர் எல்லாரும்தான் மோசடி என்கிறார்கள். உண்மையா பொய்யா என்று எப்படிப் பிரிப்பது?

எந்தச் சாவடி, எந்தப் படிவம், எத்தனை வாக்கு என்று கேளுங்கள். பதில் வந்தால் காது கொடுங்கள். "எல்லா இடத்திலும்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் ஒரு இடத்திலும் இல்லை என்று அர்த்தம். தேர்தலுக்கு முன்பே "நான் தோற்றால் மோசடி" என்று சொல்லி வைத்தவர் ஆதாரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஆனால் ஆதாரத்தைச் சேகரிக்கவே விடாத தேர்தலில் ஆதாரம் எங்கே என்று கேட்பது அநியாயம். முகவரை வெளியே தள்ளிவிட்டு, படிவ நகலை மறுத்துவிட்டு, பிறகு நிரூபி என்று சொன்னால், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொன்னவர் பக்கமே திரும்ப வேண்டும். சில நேரம் எண்ணே பேசிவிடும். லைபீரியாவில் 1927இல் பதிவான வாக்காளர் சுமார் 15,000 பேர். வென்ற சார்லஸ் கிங்குக்கு விழுந்ததாக அறிவித்த வாக்கோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

வாக்குப்பதிவு குறைந்தால் தேர்தல் செல்லாதா?

செல்லும். ஆஸ்திரேலியா 1924இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கியது. கட்டாயமில்லாத நாடுகளின் தேர்தல்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். சோம்பலா, பயமா, மூன்று மணி நேர வரிசையா?

நான் வாக்குச்சாவடி முகவராக உட்காரப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தொடங்கும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பெட்டி காலி என்றோ, இயந்திரத்தில் பூஜ்யம் என்றோ காட்டும் அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் மிச்ச நாள் வீண். சீல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்து போட்டவர்களுக்கு ஒவ்வொரு கோடு போட்டு உங்கள் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அதிகாரியின் கணக்கோடு ஒப்பிட அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும். ஆட்சேபணை இருந்தால் சத்தம் போடாமல் எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். சாப்பிட மாற்று ஆள் வராமல் நாற்காலியைக் காலியாக விடாதீர்கள். முடிந்ததும் கணக்குப் படிவத்தின் நகலில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அந்தத் தாள் கைக்கு வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.